டிமினிஷ்ட் ஸ்கேலை வடிவா விளங்கப்படுத்துற ஒரு ஞாயிறு வகுப்பு, கோண்டாவில் பக்கம்

யாழ்ப்பாணத்தில கீபோட் பழக இடம் தேடுற ஆக்களுக்கு முதலே சொல்லிடுறன், இது கிரேட் எக்ஸாமுக்கு பிள்ளையளைத் தயார் பண்ணுற வகுப்பு இல்லை. இசைக்குழுவிலயோ சேர்ச் கொயரிலயோ ஏற்கனவே வாசிச்சுக்கொண்டு, கை ஓடும் ஆனா தியரி பாதியில நிண்டுபோச்சு எண்டு இருக்கிற எங்களைப் போல ஆக்களுக்காக ஞாயிறு பின்னேரங்களில நடக்கிறது. பலாலி ரோட்டால போனா கோண்டாவில் பக்கம் ஒரு வீட்டு மேல்மாடி, வெளியில போட் ஒண்டும் இல்லை, சேர் தன்ர பேரைப் போடவேண்டாம் எண்டு கேட்டவர் அதால போடேல்ல, கேட்டுப் பாத்தா வாசிக்கிற ஆக்களுக்குத் தெரியும். அங்க கன விசயம் படிப்பிக்கினம், நான் எழுதப்போறது டிமினிஷ்ட் ஸ்கேல் (ஸ்கேல் எண்டா ஒரு ஒழுங்கில ஏறி இறங்குற நோட் வரிசை) எடுத்த பகுதி பற்றி மட்டும்தான். அந்த ஸ்கேலை இவ்வளவு தெளிவா ஒருத்தர் விளங்கப்படுத்தி நான் கேட்டதில்லை, இதுக்காகவே காசு கட்டிப் போகலாம் எண்டுறது என்ர முடிவு.

வழமையா இதை எப்பிடிச் சொல்லித்தருவினம் எண்டு யூடியூப்பில பாத்த எல்லாருக்கும் தெரியும். அரை ரோன் எண்டா கீபோட்டில அடுத்த கீ, முழு ரோன் எண்டா ஒரு கீ விட்டு அடுத்தது; முழு ரோன், அரை ரோன், முழு ரோன், அரை ரோன் எண்டு மாறி மாறிப் போனா டிமினிஷ்ட் ஸ்கேல், அவ்வளவுதான், பிறகு அடுத்த நிமிசமே ஆள் பறக்கிற வேகத்தில ஏதோ ஒண்டை வாசிச்சுக் காட்டிட்டு வீடியோவை முடிச்சிடுவார். சொன்னது ஒண்டும் பிழையில்லை. ஆனா அந்த ஃபோர்முலாவை வச்சுக்கொண்டு கீபோட்டுக்கு முன்னால இருந்தா எட்டு நோட் வருது, எந்த நோட்டில தொடங்குறது, எந்தக் கோர்ட்டுக்கு (சேர்த்து அமத்துற நோட்டுகள்) மேல வாசிக்கிறது, ஏன் சிலபேர் முழு ரோனில தொடங்கினம் சிலபேர் அரை ரோனில தொடங்கினம், ஒண்டும் விளங்காது. பன்னிரண்டு நோட்டிலயும் தொடங்கலாம், ரெண்டு வகை இருக்கு, அப்ப இருபத்திநாலு ஸ்கேல் பாடமாக்க வேணுமோ எண்டு பயந்து கனபேர் அதோட விட்டிடுவினம்.

சேர் ஸ்கேலை முதல் எடுக்கவே இல்லை. கோர்ட்டில இருந்துதான் தொடங்கினவர். டிமினிஷ்ட் செவன்த் கோர்ட் எண்டா சி, இ பிளாட், ஜி பிளாட், ஏ (பிளாட் எண்டா அந்த நோட்டுக்கு அரை ரோன் கீழ). ஒவ்வொண்டுக்கும் இடையில சரியா மூண்டு அரை ரோன். ஒரு ஸ்தாயியில பன்னிரண்டு அரை ரோன், மூண்டு மூண்டாப் போனா நாலு நோட்டில திரும்ப சிக்கே வந்திடும். அப்ப இந்தக் கோர்ட்டை இ பிளாட்டில தொடங்கினாலும் ஜி பிளாட்டில தொடங்கினாலும் ஏயில தொடங்கினாலும் அதே நாலு கீதான், பேர் மட்டும் மாறுது. பன்னிரண்டு கீயை நாலு நாலாப் பிரிச்சா மூண்டே மூண்டு கோர்ட். இது வரைக்கும் வாசிக்கிற ஆக்கள் கனபேருக்குத் தெரிஞ்ச விசயம்தான். இதுக்குப் பிறகு அவர் செய்த வேலைதான் எனக்கு சரியாப் பிடிச்சுது, கொஞ்சம் கலர் ஸ்டிக்கர் எடுத்து எல்லாற்ற கீபோட்டிலயும் ஒட்டச் சொன்னவர். சி, இ பிளாட், ஜி பிளாட், ஏ நாலும் சிவப்பு. டி பிளாட், இ, ஜி, பி பிளாட் நாலும் நீலம். டி, எஃப், ஏ பிளாட், பி நாலும் மஞ்சள். ஒட்டி முடிய கீபோட்டில ஒரு கீயும் மிச்சமில்லை, ஒரு கீயிலயும் ரெண்டு கலர் இல்லை, சிவப்பு நீலம் மஞ்சள் எண்டு வரிசையாப் போகுது.

இப்ப ரெண்டு கலரைச் சேர்த்து வாசியுங்கோ எண்டார். சிவப்பும் நீலமும் எண்டா சி, டி பிளாட், இ பிளாட், இ, ஜி பிளாட், ஜி, ஏ, பி பிளாட். அது ஒரு டிமினிஷ்ட் ஸ்கேல். சிவப்பும் மஞ்சளும் எண்டா சி, டி, இ பிளாட், எஃப், ஜி பிளாட், ஏ பிளாட், ஏ, பி. அது இன்னொண்டு. நீலமும் மஞ்சளும் மூண்டாவது. அதுக்கு மேல சேர்க்க வழியில்லை, மூண்டு கலரில ரெண்டைத் தெரிவு செய்ய மூண்டு வழிதான் இருக்கு. அவ்வளவுதான் உலகத்தில இருக்கிற டிமினிஷ்ட் ஸ்கேல் முழுக்க. இருபத்திநாலு எண்டு பயந்தது மூண்டாக் குறைஞ்சுபோச்சு, அதுவும் ஒரு ஃபோர்முலாவும் சொல்லாமல் கண்ணால பாத்தே. எனக்குப் பக்கத்தில இருந்த தம்பி ஒருத்தர் நெல்லியடியில இருந்து பஸ்ஸில வாறவர், ஏ.எல் முடிச்ச பெடியன், அவர் உடன கேட்டார், அப்ப முழு ரோனில தொடங்குறது அரை ரோனில தொடங்குறது எண்ட ரெண்டு வகை எங்க போச்சுது எண்டு. சேர் பதில் சொல்லேல்ல, சிவப்பும் மஞ்சளும் சேர்ந்ததை சியில தொடங்கச் சொன்னவர், முழு ரோன் முதல் வந்துது. அதையே டியில தொடங்கச் சொன்னவர், அரை ரோன் முதல் வந்துது. ஒரே ஸ்கேல், எந்தக் கலரில காலை வைக்கிறம் எண்டுறதுதான் வித்தியாசம்.

அடுத்த பகுதி காதுக்கான வேலை. எங்கட ஊரில சங்கீதம் படிக்காத ஆளெண்டாலும் காது ஸ்ருதிப்பெட்டியில வளர்ந்த காதுதானே, கோயிலில நாதஸ்வரம் தவில் கேட்டு, பள்ளிக்கூடத்தில தேவாரம் பாடி, ஸா எது எண்டு ஒரு பாட்டைக் கேட்ட உடன உடம்புக்குத் தெரிஞ்சிடும். டிமினிஷ்ட் ஸ்கேலில அந்த ஸா பிடிபடாது. அதாலதான் இதை வாசிக்கேக்க ஒரு அந்தரம் வருது, படத்தில ஆள் இருட்டுக்குள்ள நடந்து போகேக்க வாற மாதிரி. சேர் எங்களை அந்தக் கோர்ட்டைப் பிடிச்சுக்கொண்டு ஒவ்வொரு நோட்டையும் ஸாவா வச்சுப் பாடச் சொன்னவர். நாலும் ஒரே மாதிரித்தான் கேக்குது. நாலும் ஸாவா இருக்கலாம், அதால ஒண்டும் ஸா இல்லை.

வகுப்பில ஒரு அக்கா இருக்கிறா, மருதனார்மடத்தில நுண்கலைக்கழகத்தில சங்கீதம் படிச்சவ, இப்ப பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறா. அவ இதைக் கேட்டிட்டு கிரகபேதத்தால, அதாவது ஒரு ராகத்தின்ர வேற ஸ்வரத்தை ஸாவா மாத்தி வச்சுப் பாக்கிற முறையால சொல்லிக் காட்டினா, அந்த இடத்தில எனக்கு எல்லாம் திறந்த மாதிரி இருந்துது. மோகனத்தை எடுங்கோ, அஞ்சு ஸ்வரம். ரிஷபத்தை ஸாவா வச்சா மத்யமாவதி, காந்தாரத்தை வச்சா ஹிந்தோளம், பஞ்சமத்தை வச்சா சுத்தசாவேரி, தைவதத்தை வச்சா சுத்ததன்யாசி. அதாவது ஒவ்வொரு படியில நிண்டு பாக்கேக்கயும் வேற ஒரு ராகம், வேற ஒரு முகம். அந்த வித்தியாசம் இருக்கிறபடியால்தான் மோகனம் பாடேக்க எங்க நிக்கிறம் எண்டு காதுக்குத் தெரியுது. டிமினிஷ்ட் ஸ்கேலில எட்டுப் படி இருக்கு, எட்டிலயும் ஏறி நிண்டு பாத்தாலும் ரெண்டே ரெண்டு முகம்தான் வரும், ஒண்டு முழு ரோனில தொடங்குறது மற்றது அரை ரோனில தொடங்குறது. மூண்டு அரை ரோன் தள்ளிப் போனா திரும்ப அதே இடம். அதால காதுக்கு அடையாளம் பிடிக்க ஒண்டுமில்லை. மேல்நாட்டுத் தியரிப் புத்தகத்தில சிமெட்ரி எண்டு ஒரு சொல்லில முடிச்சிடுற விசயத்தை எங்கட ராகத்தை வச்சு அவ சொன்ன விதம் இருக்கே, அதை சேர் அடுத்த பிரிவில தானே படிப்பிக்க வேணும் எண்டு நான் கேட்டுக்கொள்ளுறன்.

அக்கா இன்னொண்டும் கண்டுபிடிச்சா, வகுப்பு முடிஞ்ச பிறகு படியில நிண்டு பேப்பரில எழுதிக் காட்டினா. சியை ஸாவா வச்சு அந்த சிவப்பு நீல ஸ்கேலைப் பாருங்கோ. ஸா, சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், அந்தர காந்தாரம், பிரதி மத்திமம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். எட்டு ஸ்வரம், மேளகர்த்தாவில (தாய் ராகத்தில) ஏழுதான் வரலாம். அப்ப ஒண்டை எடுக்க வேணும். சாதாரண காந்தாரத்தை எடுத்தா 52 ஆவது மேளம் ராமப்ரியா. அந்தர காந்தாரத்தை எடுத்தா 46 ஆவது மேளம் ஷட்விதமார்கிணி. சுத்த ரிஷபத்தை எடுத்திட்டு அந்த சாதாரண காந்தாரத்தையே ஷட்ஸ்ருதி ரிஷபமாப் பாத்தா 70 ஆவது மேளம் நாசிகாபூஷணி. ஒரு டிமினிஷ்ட் ஸ்கேலுக்குள்ள மூண்டு மேளகர்த்தா ஒளிஞ்சிருக்கு! ஸ்கேல் வேற ராகம் வேற, கமகமும் பிரயோகமும் இல்லாமல் ராகம் வராது, அதை அக்காவே அழுத்திச் சொன்னவ. எண்டாலும் எட்டு நோட்டையும் ஒரேயடியாப் பாடிப் பழகக் கஷ்டப்படுற ஆள் ராமப்ரியாவில தொடங்கி, பிறகு அந்த ஒரு ஸ்வரத்தைச் சேர்த்தா தொண்டையில கெதியா நிக்குது, நான் அப்பிடித்தான் பழகுறன். மற்ற வகை, முழு ரோனில தொடங்குறதில பஞ்சமமே இல்லை, மத்திமம் ரெண்டும் இருக்கு, அது மேளத்துக்குள்ள வராது, தம்புராவோட பாட வெளிக்கிட்டா பஞ்சமத் தந்தியோட இடிக்கும்.

இனி பாவனை. எதை எங்க வாசிக்கிறது எண்டதுக்கு சேர் சொன்ன விதி சுருக்கமானது. டிமினிஷ்ட் கோர்ட்டுக்கு மேல வாசிக்கிறதெண்டா முழு ரோனில தொடங்கு, டொமினன்ட் செவன்த் கோர்ட்டுக்கு (பாட்டை ஸாவுக்குத் திருப்பிக் கொண்டுபோற கோர்ட்) மேல எண்டா அரை ரோனில தொடங்கு. ஏன் எண்டுறதுக்கு ஜி செவன் கோர்ட்டை எடுத்தவர். ஜி, பி, டி, எஃப். இந்த நாலும் நீலமும் மஞ்சளும்தான். அந்த ரெண்டு கலரில மிச்சம் இருக்கிறது ஏ பிளாட், பி பிளாட், சி ஷார்ப் (டி பிளாட் எண்ட அதே கீதான்), இ. கோர்ட் நோட் நாலும் அப்பிடியே உள்ளுக்குள்ள இருக்கு, அதோட காரமான நோட் நாலு, ஜாஸ் வாசிக்கிற ஆக்கள் பிளாட் நைன், ஷார்ப் நைன், ஷார்ப் இலெவன், தேர்ட்டீன் எண்டு சொல்லுற நாலும் அதுக்குள்ள. இப்ப இதைக் கவனியுங்கோ, ஜி செவன் போய்ச் சேரவேண்டிய இடம் சி. அந்த சி இந்த ஸ்கேலில இல்லை. சி சிவப்பு. எட்டு நோட் வாசிச்சும் ஒருக்காலும் சியைத் தொடாமல் சுத்திச் சுத்திப் போய், கடைசியில சி மேஜரில இறங்கேக்க அந்த நோட் புதுசா வருது, அதாலதான் அவ்வளவு இனிப்பாக் கேக்குது. இதை அவர் வாயால விளங்கப்படுத்தினது குறைவு, வாசிச்சுத்தான் காட்டினவர், மேல் ஸ்தாயியில இருந்து மெதுவா இறங்கி, சியில வந்து நிக்கேக்க முழு வகுப்பும் மூச்சு விட்டுது.

இசைக்குழுவில வாசிக்கிற ஆக்களுக்கு இதைவிடப் பிரயோசனமான ஒண்டும் சொன்னவர். பி, டி, எஃப், ஏ பிளாட் எண்ட மஞ்சள் கோர்ட்டைப் பிடியுங்கோ. ஏ பிளாட்டை மட்டும் அரை ரோன் இறக்கினா ஜி செவன், சிக்குப் போகலாம். பியை மட்டும் இறக்கினா பி பிளாட் செவன், இ பிளாட்டுக்குப் போகலாம். டியை இறக்கினா டி பிளாட் செவன், ஜி பிளாட்டுக்கு. எஃபை இறக்கினா இ செவன், ஏக்கு. ஒரு கோர்ட்டில இருந்து ஒரு விரலை அசைச்சா நாலு பக்கமும் வழி. மேடையில ஆண் பாடகர் ஒரு பாட்டை முடிக்க அடுத்ததா பெண் பாடகி வேற ஸ்ருதியில தொடங்கவேண்டி வரும், அப்ப எல்லாரும் நிப்பாட்டி, சனம் பாத்துக்கொண்டிருக்க ஸ்ருதி மாத்துற ட்ரான்ஸ்போஸ் பட்டனை அமத்துறதுதான் எங்கட வழக்கம். இந்தக் கோர்ட் கையில இருந்தா பாட்டை நிப்பாட்டாமலே சியில இருந்து இ பிளாட்டுக்குக் கொண்டு போகலாம். ஒரு கலியாண வீட்டுக் கச்சேரியில இதைச் செய்து பாத்தனான், பாடினவ பிறகு வந்து என்ன செய்தனீங்கள் எண்டு கேட்டவ, எனக்குச் சரியான சந்தோசம்.

வரலாறு பெரிசா எடுக்கேல்ல, எடுக்கவும் தேவையில்லை. ரஷ்யாவில ரிம்ஸ்கி கோர்சகோவ் 19 ஆம் நூற்றாண்டிலயே இந்த ஸ்கேலைத் தெரிஞ்சுதான் பாவிச்சவர், அவரிட்டப் படிச்ச ஸ்ட்ராவின்ஸ்கி அதை எங்கயோ கொண்டு போனவர், பிரான்ஸில மெசியான் 1944 இல தன்ர புத்தகத்தில இதை ரெண்டாவது மோட் (ஸ்கேல் வகை) எண்டு போட்டு, மூண்டு இடத்துக்கு மட்டும்தான் மாத்தலாம் எண்டு எழுதினவர், எங்கட ஸ்டிக்கர் கணக்கும் அதேதான். இது ஜாஸ்காரற்ற சாமான் எண்டு மட்டும் நினைச்சுக்கொண்டிருக்கிற ஆக்களுக்கு இவ்வளவும் போதும்.

குறை இல்லாமல் இல்லை. முதலாவது, தாற போட்டோகொப்பி நோட்ஸ். ஷார்ப்பும் பிளாட்டும் கலந்து எழுதியிருக்கு, ஒரு இடத்தில சி ஷார்ப் இன்னொரு இடத்தில டி பிளாட், புதுசா வாற ஆளுக்கு ரெண்டும் ஒரே கீ எண்டு தெரிஞ்சாலும் தலை சுத்தும். நோட் எட்டு, எழுத்து ஏழுதான், அதால எப்பிடி எழுதினாலும் ஒரு எழுத்து ரெண்டு தரம் வரத்தான் வேணும், அதைத் தவிர்க்க ஏலாது. ஆனா அந்த ஒரு வசனத்தை நோட்ஸின்ர மேல எழுதிவிட்டிருந்தா பாதிக் கேள்வி வந்திருக்காது.

ரெண்டாவது, கித்தார்க்காரர். அவையளும் அதே காசு கட்டித்தான் வருகினம், ஆனா எல்லா விளக்கமும் கீபோட்டில. கித்தாரில இது உண்மையில லேசு, டிமினிஷ்ட் செவன்த் கோர்ட் பிடிக்கிற அதே கை வடிவத்தை மூண்டு ஃப்ரெட் தள்ளினா அதே நாலு நோட் திரும்ப வருது, ஸ்கேலில பழகின ஒரு பிடியையும் அப்பிடியே மூண்டு ஃப்ரெட் ஏத்திக்கொண்டு போகலாம். இதை ஒரு பத்து நிமிசம் காட்டியிருந்தா அவையள்தான் வகுப்பில முதல் ஆக்களா நிண்டிருப்பினம். பின் வரிசையில இருந்த ரெண்டு பேர் பாதியில வராமல் விட்டதுக்கு இதுதான் காரணம் எண்டு நினைக்கிறன்.

மூண்டாவது, தாளம். எட்டு நோட்டையும் ஒழுங்கா மேல கீழ ஓடுறது பயிற்சி, அது சங்கீதம் ஆகாது. சேர் வாசிக்கேக்க இடைவெளி விடுறார், ஒரு நோட்டைப் பிடிச்சு நிக்கிறார், மூண்டு நோட்டுப் பிடியை எடுத்து மூண்டு அரை ரோன் மேல, பிறகும் மூண்டு மேல எண்டு ஏத்திக்கொண்டு போறார், அதால ஆதிதாளத்தில விழுற இடம் ஒவ்வொரு முறையும் மாறுது, கேக்க அருமையா இருக்கு. ஆனா அதை எப்பிடிச் செய்யிறது எண்டு பிரிச்சுச் சொல்லித்தரேல்ல, நாங்களே காதால பிடிக்க வேண்டியிருந்துது. வகுப்பில ஆக்களும் கூட, ரெண்டு பேருக்கு ஒரு கீபோட் எண்டு வரேக்க கை வைக்கிற நேரம் குறையுது.

ஒரு சந்தேகம் கேட்டனான், அதுக்கு அவர் சொன்ன பதிலும் இஞ்ச இருக்கட்டும். தொண்டையாலயோ வயலினாலயோ இந்த மூண்டு அரை ரோன் இடைவெளியை சுத்தமா ஸ்ருதி சேர்த்து நாலு தரம் ஏறினா மேல் ஸாவில போய் நிக்குமோ எண்டு. நிக்காது எண்டார். சுத்தமான அந்த இடைவெளி 6க்கு 5 எண்ட விகிதம், நாலு தரம் ஏறினா மேல் ஸாவைத் தாண்டி அரை ரோனில பாதிக்கு மேல, கிட்டத்தட்ட 63 சென்ட் (ஒரு அரை ரோன் 100 சென்ட்) கூடப் போயிடும். கீபோட்டில எல்லா அரை ரோனையும் சமனாப் பங்கு போட்டிருக்கிறபடியால்தான் இந்த வட்டம் மூடுது. அதால இதைப் பாடிப் பழகிற ஆக்கள் தம்புராவை நிப்பாட்டிட்டு கீபோட்டோட பாடுங்கோ.

காசு ஒரு வகுப்புக்கு ஆயிரம் ரூபா, மாதம் முடியக் கட்டினாலும் ஒண்டும் சொல்ல மாட்டார். கரண்ட் போனா மின்விசிறி இல்லை, மேல்மாடி சூடு, தண்ணிப் போத்தல் கொண்டு போங்கோ. வாசிச்சுக் காட்டுறதை எல்லாம் வட்ஸப்பில ஓடியோவா அனுப்புறார், அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாலே கட்டின காசுக்கு வாசி. சொந்தக் கீபோட் இருந்தா தூக்கிக்கொண்டு போங்கோ, 61 கீ போதும், பியானோ சத்தத்தில வையுங்கோ, ஸ்ட்ரிங்ஸில வச்சா நோட் ஒண்டோட ஒண்டு இழுபட்டு அந்தப் பக்கத்துப் பக்கத்து அரை ரோன் எல்லாம் குழம்பிக் கேக்கும். அடுத்த பிரிவு நல்லூர் தேர் தீர்த்தம் எல்லாம் முடிஞ்ச பிறகுதான் தொடங்கும் எண்டு சொன்னவர், திருவிழா நேரம் அவரும் வாசிக்கப் போயிடுவார். அதுக்குள்ள வீட்டில இருந்து அந்த மூண்டு கோர்ட்டையும் கீழ பாக்காமல் ரெண்டு கையாலயும் பிடிக்கப் பழகிட்டுப் போங்கோ, அவர் முதல் நாளே கேப்பார்.